மின்சாரச் சுருதி – 7: கை வைக்காத பியானோக்காரர்

போன வாரம் ஒரு புத்தகம் கைமாறிய இடத்தில் நிறுத்தினேன். வாரம் முழுக்கத் திட்டியிருப்பீர்கள். வாருங்கள், உட்காருங்கள்.

கொடுத்தவர் கீதா சாராபாய். அகமதாபாத் மில் முதலாளி வீட்டுப் பெண். பெண்கள் தொடத் தயங்கிய பக்வாஜ் மேளத்தை மடியில் வைத்து வாசித்தவர். வாங்கிக்கொண்டவர் ஜான் கேஜ். நியூயார்க்கில் பேர் மட்டும் இருந்து காசு இல்லாத இசையமைப்பாளர். புத்தகம், ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சரின் உபதேச மொழிகள்.

கீதா ஏன் அமெரிக்கா போனார் என்பதை முன்பே பார்த்தோம். மேல்நாட்டு இசை நம் இசையை விழுங்கிவிடுமோ என்ற பயம். பயந்தவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இவர் எதிராளியின் ஊருக்கே போய், எதிராளியின் வித்தையைக் கற்றார். கேஜ் சம்பளம் வாங்கவில்லை. 'நீங்கள் எனக்கு இந்திய இசை சொல்லிக்கொடுங்கள், கணக்கு சரி' என்றார். ஒருநாள் பாடத்துக்கு நடுவே, இசை எதற்காக என்று பேச்சு வந்தது. கீதா தன் குரு சொன்னதைச் சொன்னார். மனசை அடக்க. அமைதியாக்க. அப்போதுதான் தெய்வம் உள்ளே வர வழி கிடைக்கும்.

கேஜுக்கு அந்தப் பதில் போதவில்லை. அதாவது, கேட்டு முடித்து மறந்துவிட முடியவில்லை. ஒரு வருஷம் அந்தப் புத்தகத்தோடு கிடந்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். 'முத்துக்குளித்துறைக்காரனுக்கு அகமதாபாத் கதை எதற்கு?' என்று நம் வாசகர்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நியாயமான கேள்வி. குலசேகரன்பட்டினத்துக்குப் போகும் வழியில் இப்போது ராக்கெட் தளம் எழும்புகிறது அல்லவா? 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே நிற்கிறது, சுற்றிக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து விட்டால் நேராகக் கடல். சின்ன ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் பெரிய மிச்சம். தும்பாவில் மீனவக் குப்பத்தையும் மகதலேனா மரியாள் கோயிலையும் வைத்து இந்தக் கனவை ஆரம்பித்தவர் விக்ரம் சாராபாய். கீதா அவருடைய தங்கை.

அதே வீடு. வருஷம் 1969. அண்ணனுக்கு இஸ்ரோ. தங்கைக்கு?

அதற்குள் போகுமுன் ஒரு ராத்திரியைத் தாண்டியாக வேண்டும்.

வுட்ஸ்டாக். நீங்கள் நினைக்கிற அந்தத் திருவிழா இல்லை. அது வர இன்னும் பதினேழு வருஷம் இருக்கிறது. அதே பெயருள்ள சிற்றூர், நியூயார்க் மாநிலத்தில். ஊருக்கு வெளியே காட்டுக்குள் மேவரிக் அரங்கம். மரக்கட்டடம். பின்பக்கம் காட்டைப் பார்த்துத் திறந்து கிடக்கும். 1952 ஆகஸ்ட் மாதக் கடைசி. கலைஞர்களின் நலநிதிக்காக ஒரு கச்சேரி. வந்திருந்தவர்கள் சாமானியர்கள் இல்லை. ஓவியர்கள், இசை தெரிந்தவர்கள், கோடை விடுமுறைக்கு வந்த வாத்தியக்காரர்கள். புதுசு எதைக் கொடுத்தாலும் தாங்குவோம் என்ற எண்ணத்தோடு வந்தவர்கள்.

பியானோவில் டேவிட் டியூடர். இருபத்தாறு வயது.

இவரைப் பற்றி ஒரு வார்த்தை. எவராலும் வாசிக்க முடியாது என்று ஒதுக்கிய நவீன இசையை எல்லாம் வாசித்துக் காட்டியவர். கேஜும் அவருடைய நண்பர்களும் புதுசாக எழுதினால் முதலில் இவரிடம்தான் கொண்டு வருவார்கள். விரல் அப்படி.

அன்றைக்கு அந்த விரலுக்கு வேலை இல்லை.

நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தின உருப்படி. கேஜ் எழுதியது. டியூடர் வந்து உட்கார்ந்தார். இசைத்தாளை முன்னால் விரித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பியானோவின் கட்டை மூடியைத் திறப்பார் என்று எல்லோரும் காத்திருக்க, மூடினார்.

மூடிவிட்டுச் சும்மா இருந்தார்.

முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தயாராகிறார் போல. வெளியே மரங்களில் காற்று ஓடியது. மூடியைத் திறந்தார். ஒரு பகுதி முடிந்தது. மறுபடி மூடினார். தாளைப் புரட்டினார். கையைக் கட்டையில் வைக்கவில்லை. இப்போது கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது. திறந்தார். மூடினார். மூன்றாவது பகுதி.

அதற்குள் சனத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த ஆள் வாசிக்கப்போவதில்லை.

முணுமுணுப்பு. நாற்காலி நகரும் சத்தம். சிலர் எழுந்து நடந்தார்கள். டியூடரின் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. மொத்தம் நான்கு நிமிஷம் முப்பத்து மூன்று விநாடி. மூடியைத் திறந்து எழுந்தார்.

வெடித்தது அரங்கம். கேட்டவர்கள் கொதித்துப்போனார்கள். இவர்களை ஊரை விட்டே துரத்துவோம் என்று ஒருவர் எழுந்து கத்தினாராம். கேஜுக்கு அது அவமானமாகப் படவில்லை. அவர்கள் தவறவிட்டார்கள் என்றுதான் பிற்பாடும் சொல்லிக்கொண்டிருந்தார். மௌனம் என்று ஒன்று கிடையவே கிடையாது. காற்று இருந்தது, மழை இருந்தது, கடைசியில் அவர்கள் சத்தமே இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

எனக்கு அந்த ராத்திரியில் கேஜைவிட டியூடர்தான் பெரியவராகத் தெரிகிறார். எழுதியவன் அவையில் உட்கார்ந்திருக்கலாம். மேடையில் தனியாக உட்கார்ந்து, வித்தை முழுவதையும் உள்ளே வைத்துக்கொண்டு, ஏச்சு வாங்கத் தயாராக இருந்தவர் இவர். விரலை வாழ்க்கையாகக் கொண்ட ஒருவன் விரலை எடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அந்த ராத்திரியோடு அவர் பியானோவை விட்டுவிடவில்லை. ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விலகினார். ஒலிபெருக்கி, மைக், வயர், தானே பற்றவைத்த சர்க்யூட்டுகள். வாத்தியக்காரர் மின்சாரக்காரர் ஆனார்.

1964. மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழு உலகம் சுற்றியது. கேஜும் டியூடரும் அதன் இசைக்காரர்கள். இந்தியாவில் அகமதாபாத்தில் இறங்கியபோது விருந்தோம்பியது யார் என்று சொல்லவும் வேண்டுமா? சாராபாய் குடும்பம். அந்த வீட்டின் மருமகள்களில் ஒருவர் மிருணாளினி. சென்னையில் வளர்ந்த நாட்டியக்காரர். கேப்டன் லட்சுமியின் தங்கை. கீதாவின் அண்ணன் கௌதமும் தங்கை கீராவும் சேர்ந்து தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி, அச்செழுத்து, துணி, கண்காட்சி, எல்லாவற்றையும் புதுசாக யோசிக்கும் இடம். அங்கே இல்லாதது ஒன்றே ஒன்று.

ஒலி.

அந்த இடத்தை நிரப்பக் கீதா அழைத்த ஆள் டேவிட் டியூடர். 1969இன் பிற்பகுதியில் வந்து சேர்ந்தார். நிறுவனத்துக்குள் மின்னணு இசைக்கூடம் ஒன்றை அமைத்தார். நடுவே ஒரு பெட்டி. மூக் சின்தசைசர்.

சந்திரனில் மனிதன் கால் வைத்த வருஷம் அது. முந்தின வருஷம்தான் வெண்டி கார்லோஸ் மூக்கில் பாக்கின் இசையை வாசித்து இசைத்தட்டு போட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்திருந்தார். பீட்டில்ஸ் அப்போதுதான் 'ஆபி ரோடு' தட்டில் மூக்கைப் பயன்படுத்தியிருந்தார்கள். லண்டனுக்கே புதுசான சாமான், சபர்மதிக் கரையில்!

கிட்டே போய்ப் பாருங்கள். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகை மாதிரி முகமெல்லாம் துளை. துளைக்குத் துளை வயர் செருக வேண்டும். ஆஸிலேட்டர் என்ற பகுதி ஓயாமல் ஓர் ஒலியைப் போட்டுக்கொண்டிருக்கும். அதை ஃபில்டருக்குள் அனுப்பினால் கூர்மை மழுங்கும், தடிக்கும், கரையும். எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் ஏற்றினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அரை வோல்ட் என்றால் அரை ஸ்தாயி. நடுவே எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வழுக்கிக்கொண்டே போகலாம்.

இப்போது கவனியுங்கள். ஹார்மோனியத்தை ஆல் இந்தியா ரேடியோ 1940இல் தடை செய்து முப்பது வருஷம் போல வாசலுக்கு வெளியே நிறுத்தியதே, ஏன்? கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள சுருதி அதில் வராது. கமகம் வராது. நம் இசையின் உயிர் அந்த நடுவில்தான் இருக்கிறது. ஐரோப்பா அனுப்பிய வாத்தியத்தால் முடியாததை, அமெரிக்கா அனுப்பிய இந்தப் பெட்டியால் முடியும்.

மேல்நாட்டு இசையைக் கண்டு பயந்து நியூயார்க் போன பெண், இருபத்து மூன்று வருஷம் கழித்து மேல்நாட்டுக் கருவியைத் தானே வீட்டுக்குள் அழைத்தார். முரண் என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருவிக்குப் பாட்டு கிடையாது. பாட்டு வாசிப்பவரிடம்தான்.

ஆனால் பெட்டி லேசில் பணியாது. ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் எழுப்பும். இரண்டு வேண்டுமென்றால் ஒன்றை நாடாவில் பதிந்துகொண்டு அதன் மேல் அடுத்ததைப் போட வேண்டும். ஞாபகசக்தி இல்லை. நேற்று கிடைத்த அருமையான ஒலி, வயரைப் பிடுங்கியதும் போயிற்று. உஷ்ணம் ஏறினால் ஆஸிலேட்டர் நகர்ந்து சுருதி விலகும். அகமதாபாத் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை.

டியூடர் கற்றுக்கொடுத்தார். தானும் வேலை செய்தார். பறவைச் சத்தம் போல மூக்கிலிருந்து கிளம்பும் ஒலிகளை வைத்து 'மோனோபேர்ட்ஸ்' என்ற ஆக்கத்தை அங்கேதான் செய்தார். பிறகு கிளம்பிவிட்டார். ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி கூடாரத்தின் வேலை அவரைக் கூப்பிட்டது.

இனி உள்ளூர்க்காரர்கள் பாடு.

ஐந்து பேர். கோஷ்டியாக மேடை ஏறாதவர்கள், கச்சேரி செய்யாதவர்கள். கீதா ஒருவர். அதுல் தேசாய் இந்துஸ்தானி வாய்ப்பாட்டுக்காரர். ராகத்தில் ஊறிய தொண்டை இப்போது வயரைப் பிடித்தது. ஒசாகா கண்காட்சிக்காக அவர் ஒலிப்பதிவு செய்துகொடுத்தார். எஸ்.சி. சர்மா நாட்டியத்துக்கான இசை என்று ஒன்று, இரண்டு, மூன்றாகப் போட்டுத் தள்ளினார். ஐ.எஸ். மாத்தூர் கொஞ்சம் குறும்புக்காரர் என்று அவருடைய தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும். ஒன்றின் பெயர், முன்னொரு காலத்தில் நான் தம்புரா வாசித்தேன் என்ற பொருளில் இருக்கும். தம்புராவை மீட்டியவரின் கை மூக்குக்கு வந்துவிட்டது என்ற கேலியா, ஏக்கமா? இரண்டும் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்தாவது ஆள் ஜின்ராஜ் ஜோஷிபுரா. இளைஞர். கட்டடக்கலை மாணவர். சங்கீதப் பரம்பரையைத் தோளில் சுமக்கத் தேவையில்லாதவர். அவருக்கு ராகமும் வேண்டாம், தாளமும் வேண்டாம். விண்வெளிக்குப் போகும் கப்பலில் பயணி காதில் என்ன கேட்கும்? அதைச் செய்தார். பெயர் 'ஸ்பேஸ் லைனர் 2001'.

நிலவுக்குப் போனதே பத்திரிகைச் செய்தியாகச் சூடு ஆறாத நேரம். அண்ணன் தும்பாவிலிருந்து வானத்துக்கு விடுகிறார். தங்கையின் கூடத்தில் ஒரு பையன் வானத்தின் சத்தத்தைத் தயாரிக்கிறான். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு செய்யவில்லை. காலம் அப்படி.

பிறகு அடி விழ ஆரம்பித்தது.

1971 டிசம்பர் 30. தும்பாவில் வேலைகளை முடித்துக்கொண்டு கோவளத்தில் தங்கியிருந்தார் விக்ரம் சாராபாய். டெல்லியில் இருந்த நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் போனில் பேசினார். ஏவுகணை விஷயமாக நடந்த கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் காத்திருங்கள், பேசுவோம் என்றார் சாராபாய். கலாம் விமானம் ஏறினார். இறங்கினார்.

பேச வேண்டியவர் போய்விட்டார்.

வயது ஐம்பத்திரண்டு.

ராக்கெட் நிற்கவில்லை. சதீஷ் தவான் வந்தார். கலாம் இருந்தார். குப்பத்துக் கோயிலில் ஆரம்பித்தது ஸ்ரீஹரிகோட்டா போய், இப்போது குலசைக்கும் வந்துவிட்டது. தங்கையின் கூடத்துக்கு அப்படி ஒரு தவான் வரவில்லை. டியூடர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நிறுவனத்துக்குள் அரசாங்கத்தோடு உரசல். அடுத்த சில வருஷங்களில் கௌதமும் கீராவும் விலகினார்கள். 1972க்குப் பிறகு நாடாக்களில் புதுப் பதிவு இல்லை.

மூன்றே வருஷம்!

ஏன் நின்றது? ஆள் போனது, ஆதரவு போனது, சரி. ஆனால் நான் ஒரு காரணம் சொல்வேன். அந்தக் கதவு வெளியே திறக்கவில்லை. இந்த இசையை எந்த வானொலியும் போடவில்லை. எந்தச் சினிமாவும் கூப்பிடவில்லை. கேட்டுவிட்டு இன்னொன்று போடு என்று சொல்லவும் ஆள் இல்லை, நிறுத்துடா என்று கத்தவும் ஆள் இல்லை. வுட்ஸ்டாக்கில் டியூடருக்கு ஏச்சாவது கிடைத்தது.

நம் கரையைப் பாருங்கள். கீபோர்டு என்ற சாமான் இங்கே வந்தபோது எவரும் கூடம் கட்டவில்லை. பனிமய மாதா திருவிழாப் பாடகர் குழுவுக்குள் புகுந்தது. கல்யாண வீட்டு இன்னிசைக் கச்சேரிக்குள் புகுந்தது. கம்பி அறுந்தால் சாலையோர ரேடியோக் கடைக்காரர் பற்றவைத்துக் கொடுத்தார். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரை வைத்து இசை போட்டபோது, அது என்ன சத்தம் என்று டீக்கடை பெஞ்சில் சண்டை போடும் அளவுக்குக் காது பழகியிருந்தது. அகமதாபாத்தில் முதல் ஆட்டத்தை ஆடியவர்கள் அந்தப் பெஞ்சை ஒருநாளும் பார்க்கவில்லை. அவர்களிடம் கருவி இருந்தது, வித்தை இருந்தது, புத்தி இருந்தது. திருவிழா இல்லை.

கதை இங்கே முடிந்ததென்றே எல்லோரும் நினைத்தார்கள். நினைத்தார்கள் என்பதுகூடத் தப்பு. நினைக்கவே ஆள் இல்லை. இந்திய இசையின் வரலாறு எழுதியவர்கள் இந்தக் கூடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அமெரிக்கர்கள் டியூடரின் பயணத்தில் ஒரு நிறுத்தமாக இதைக் குறித்துவைத்தார்கள். கீதா 2011இல் காலமானார்.

ஆறு வருஷம் போயிற்று.

2017. லண்டனில் மின்னணு இசை செய்துகொண்டிருந்த பால் பர்கஸ், இந்திய வம்சாவளிக்காரர், அகமதாபாத்துக்கு வந்தார். இந்தியாவில் ஒரு மூக் இருந்ததாமே என்று தேடிக்கொண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் ஆவணக் காப்பகம். அலமாரி. ஒலிநாடாச் சுருள்கள்.

டியூடர் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இருந்தது. கூடவே வேறு பெயர்களும் இருந்தன. மாத்தூர். தேசாய். சர்மா. ஜோஷிபுரா. அதுவரை அதிகம் பேர் உச்சரிக்காத பெயர்கள்.

இப்போதுதான் சிக்கல். நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டிய இரும்பு ஆக்சைடுத் துகள். நாற்பத்தைந்து வருஷ ஈரமும் வெப்பமும் பட்ட நாடாவில் பசை இளகும். மெஷினில் ஏற்றிச் சுழலவிட்டால் துகள் உரிந்து தலைப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு நாடா ஒரே ஒரு தடவைதான் பாடும் என்றாகலாம். சில சமயம் அந்த ஒரு தடவையும் பாடாது. சுழலவிடாமல் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ள வழி கிடையாது.

ஏற்றுவதா, வேண்டாமா?

ஏற்றினால் முதலில் எந்தச் சுருளை?

(அடுத்த வாரம்)